இரு தடைகளுக்குப் பின்: கமெய் ஃபுமியோவின் போரெதிர்ப்பு வாழ்வு

ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர் கமெய் ஃபுமியோ (1908–1987) ஃபுக்குஷிமா மாகாணத்தில் பிறந்தவர். இளமையில் லெனின்கிராடில் திரைக்கலை பயின்றவர். சீனப் போர்க்களத்தில் இராணுவத்தின் ஆதரவுடன் அவர் உருவாக்கிய 'போரிடும் வீரர்கள்' (1939), வெற்றிக்களிப்பை விடுத்துப் படைவீரர்களின் களைப்பையும் சீன உழவர்களின் துயரையும் காட்டியது. அதனால் அப்படம் அன்று வெளியிடப்படவில்லை. 1941இல் அவர் கைதானார். இயக்குநர் உரிமமும் பறிக்கப்பட்டது. போர் முடிந்தபின், பேரரசரின் போர்ப்பொறுப்பை வினவிய 'ஜப்பானின் அவலம்' (1946) என்னும் படத்தை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் முதலில் அனுமதித்துப் பின்னர்த் தடைசெய்தது. ஆட்சி மாறியும் தடை மாறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1955இல் டச்சிகாவா அமெரிக்க விமானத்தளத்தை விரிவாக்க நிலம் அளக்க முற்பட்டபோது, சுனகாவா உழவர்கள் அதனை மறித்தனர். கமெய் அவ்வூருக்குச் சென்று, அப்போராட்டத்தை அடுத்தடுத்து மூன்று ஆவணப்படங்களாகப் பதிவுசெய்தார். அதே காலத்தில், அணுகுண்டுத் தாக்குதலில் உயிர்பிழைத்தோரின் வாழ்வையும் படமாக்கினார் (1956). தள விரிவாக்கத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது.

முன்னைய படங்களில் போரின் விளைவைக் காட்டியவர், சுனகாவாவில் போருக்கான ஆயத்தத்தையே தடுத்து நின்ற மக்களின் பக்கம் நின்றார். அவருடைய போரெதிர்ப்பின் முதிர்ச்சி இம்மாற்றத்திலேயே வெளிப்படுகிறது எனலாம்.