வீட்டுக் கதவைத் திறந்த விமர்சகர்



ஆண்டவர் அழைத்தபோது, தமக்கு வாய் திக்கும் என்று மோசே தயங்கினார். ஆண்டவரோ அந்தக் குறையோடே அவரை அனுப்பினார். பிரான்சு நாட்டுத் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பசானின் வாழ்வும் இதையே நமக்கு நினைவூட்டுகிறது.

1918 ஏப்ரல் 18 அன்று ஆன்ழே நகரில் பிறந்த பசான், ஆசிரியராகும் ஆவலோடு படித்தார். ஆனால் வாய்மொழித் தேர்வில் திக்குவாய் அவரைத் தோற்கடித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. ஜெர்மானியப் படைகள் பாரிசை ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளிலேயே திரைப்படக் கழகம் தொடங்கினார். போருக்குப்பின் தொழிற்சாலைகளுக்கும் சென்று, தொழிலாளர்களுக்குப் படம் காட்டி, அவர்களோடு உரையாடினார். வகுப்பறை மறுக்கப்பட்டவர் இவ்வாறு ஆசிரியரானார்.

கத்தோலிக்கரான அவர், எம்மானுவேல் மூனியே நிறுவிய எஸ்பிரி இதழில் எழுதினார். உலகை உள்ளபடி, பொறுமையோடு காட்டும் படங்களைப் போற்றினார். ஓர் இளம் பங்குத்தந்தையைப் பற்றிய பெர்னானோசின் நாவலை ராபர்ட் பிரெசோன் படமாக்கியபோது, அதைக் குறித்து ஆழமாக எழுதினார். 1951-இல் நண்பர்களுடன் 'கையே து சினிமா' என்ற மாத இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியர்களுள் ஒருவராகப் பணியாற்றினார்.

1948-இல் பிரான்சுவா த்ரூபோ என்ற 16 வயதுச் சிறுவன், தான் நடத்திய திரைப்படக் கழகத்தின் கடனால் சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அவன் வெளியே வர பசான் உதவினார், வேலையும் கொடுத்தார். பின்பு இராணுவத்தில் சேர்ந்த த்ரூபோ அங்கிருந்து ஓடிச் சிறைப்பட்டார். அப்போதும் பசான் கைவிடவில்லை. 1952-இல் அவர் விடுதலையானபோது, பசானும் மனைவி ஜனினும் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். த்ரூபோ பசானின் இதழில் எழுதி வளர்ந்தார்.

1958 நவம்பர் 10 அன்று த்ரூபோ தமது முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். மறுநாள், இரத்தப் புற்றுநோயால் துன்புற்றுவந்த பசான் 40 வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்பின்றித் தவிக்கும் ஒரு சிறுவனைப் பற்றிய அந்தப் படம் பசானின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1959-இல் கான் திரைப்பட விழாவில் அது த்ரூபோவுக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது.

அன்பானவர்களே, ஒருமுறை தவறிய பிள்ளைக்கு உதவ நம்மில் பலர் முன்வருவோம். அதே பிள்ளை மறுபடியும் தவறிவிட்டால்? உருப்படாதவன் என்று நாம் முத்திரை குத்திய பிள்ளைகள் நம் குடும்பத்தில், நம் பங்கில் யார் யார்? இன்று அவர்களுள் ஒருவரைத் தேடிச் செல்வோமா?

ஆண்டவரே, எங்கள் குறைகளோடே எங்களைப் பயன்படுத்தும். இரண்டாம் முறையும் கதவைத் திறக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.