சூடான காற்றை நம்பிய பாதிரியார்

1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மாத்தளை உள்ளிட்ட மலையகப் பகுதிகளை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். 1990களின் பொருளாதாரத் தடையையும் அவர்கள் வடக்கு மக்களோடு சேர்ந்தே அனுபவித்தார்கள். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம்பிடித்து ஜாம் போத்தலில் விளக்கெரித்த காலம் அது. பற்றறி கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்த வாழ்வை அறிந்தவர்களுக்கு ரொபர்ட் ஸ்டேர்லிங் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியாரின் கதை அந்நியமாக இராது.

ஸ்டேர்லிங் 1790 ஒக்டோபர் 25ஆம் திகதி பேர்த்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியவர். பேரன் இறையியல் படித்தார், ஆனால் இயந்திர ஆசை விடவில்லை. 1816இல் கில்மார்னொக் நகரில் பாதிரியாரானார். அதே ஆண்டில், எரிபொருள் செலவைக் குறைக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமையும் கோரினார். அப்போது அவருக்கு வயது 25.

அவருடைய இயந்திரத்துக்கு நீராவி தேவையில்லை. மூடிய உருளைக்குள் இருக்கும் காற்றை ஒரு பக்கம் சூடாக்கினால் அது விரிந்து உந்துதண்டைத் தள்ளும். அதே காற்றைக் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்த்தினால் சுருங்கி உந்துதண்டைத் திரும்ப இழுக்கும். காற்று குளிர்ந்த பக்கம் போகும்போது அதன் வெப்பத்தைப் பிடித்துவைத்து, திரும்பி வரும்போது மீளக்கொடுக்கும் ஓர் அமைப்பையும் இடையில் வைத்தார். வீணாகும் வெப்பத்தை மறுபடி பயன்படுத்தும் இந்த யோசனைதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு.

1818இல் அந்த இயந்திரம் ஒரு கல்லுடைக்கும் இடத்தில் தண்ணீர் இறைத்தது. 1824இல் அவர் கோல்ஸ்டன் ஊருக்கு மாறி, அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். பொறியியலாளரான தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1843இல் டண்டீ நகர வார்ப்பாலை ஒன்றை முழுதாக இயக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

அதே 1840களில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியில் இறந்தவர்கள் பலர். அங்கே ஆலையை ஓட்ட வெப்பத்தை மிச்சம்பிடிக்க வழி தேடினார்கள். இங்கே தோட்டங்களை ஓட்ட மனித உயிர்கள் செலவாகின.

டண்டீ இயந்திரம் நிலைக்கவில்லை. இடைவிடாத சூட்டை அக்கால வார்ப்பிரும்பு தாங்கவில்லை. சூடாகும் உருளை மூன்று தடவை பழுதாகவே, 1847இல் ஆலை நீராவிக்குத் திரும்பியது. யோசனை பிழைக்கவில்லை, அதைத் தாங்கும் உலோகம்தான் இருக்கவில்லை. பெசமர் முறையில் நல்ல உருக்கு வந்தபின், 1876இல் எழுதிய கடிதமொன்றில், தன் இயந்திரம் இனியாவது மேம்படும் என்ற நம்பிக்கையை அந்த 85 வயது முதியவர் வெளியிட்டார். 1878 ஜூன் 6ஆம் திகதி காலமானார். மகன்கள் பாட்ரிக்கும் ஜேம்ஸும் புகழ்பெற்ற ரயில் இயந்திர வடிவமைப்பாளர்களானார்கள்.

1930களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் இந்த இயந்திரத்தை மறுபடி கையிலெடுத்தது. மின்சாரமில்லாத இடங்களில் றேடியோவை இயக்க வேண்டும் என்பதே நோக்கம். பிற்பாடு வன்னியில் சைக்கிள் டைனமோ செய்த அதே வேலை.

இன்று இதன் சிறு மாதிரியை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு குளிர்பான ரின்கள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பலூன், செப்புக் கம்பி, பழைய சீடி, மெழுகுதிரி போதும். கம்பி நார் ரின்னுக்குள் மேலும் கீழும் அசைந்து காற்றை நகர்த்தும். வெப்பத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலையையும் ஓரளவு செய்யும். பலூன் உந்துதண்டாகும், சீடி சக்கரமாகும். மேல்பகுதியைத் தண்ணீரால் குளிர்த்த வேண்டும். காற்று கசிந்தாலோ கம்பி உரசினாலோ ஓடாது. வெட்டிய தகரம் கையைக் கிழிக்கும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

இதில் ஒரு மின்குமிழ்கூட எரியாது. ஆனால் உயர்தர வகுப்பில் வெப்பவியல் படிக்கும் மாத்தளைப் பிள்ளையோ கிளிநொச்சிப் பிள்ளையோ, ஆய்வுகூடம் இல்லாமலே அந்தப் பாடத்தைக் கண்ணால் காணலாம். தடைக்காலத்தில் றேடியோவுக்காக சைக்கிள் மிதித்த தாத்தாவைப் பக்கத்தில் இருத்தினால், கம்பியை எப்படி வளைப்பது என்று அவரே சொல்லிக்கொடுப்பார்.