தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்

விழுப்புரம் பக்கத்து வயல்களில் கரும்பு வெட்டிக் கூலி பெற்ற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அக்கரும்பு எங்ஙனம் உருவாயிற்று என்பதை அறிந்த இளைஞரோ சிலரே. ஆதலின் கரும்பின் பிறப்பை ஆய்ந்த டாக்டர் இ. கே. ஜானகி அம்மாளின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம்.

அம்மையார் 1897 நவம்பர் 4 அன்று மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில் தீயர் குலத்தில் பிறந்தார். மேற்சாதியார் தீட்டெனக் கருதி எட்டி நிற்கச் செய்த குலம் அது. ஆயினும் தந்தையார் நீதிபதி; நம் பிள்ளைகள் பட்ட வறுமையை அம்மையார் பட்டதில்லை. இதனை மறைத்துப் புகழ்தல் முறையன்று.

சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியப் பணியும் ஆற்றினார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934 இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912 இல் தோன்றிய அந்நிலையத்தின் அருஞ்செயலை இங்கே விளக்குதல் வேண்டும். வெள்ளைக் கரும்பு பருத்தது, இனியது. ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் ஆற்றாது. ஓடைக்கரையில் தானே முளைக்கும் பேய்க்கரும்போ இனிப்பற்ற புல். எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். இவ்விரண்டையும் இணைத்தே கோ 205 என்னும் கரும்பு 1918 இல் வெளிவந்தது. யாரும் விரும்பாத அப்புல்லே பயிருக்கு வலிமை தந்தது! அம்மையார் அத்தகைய காட்டுப் புற்களின் குரோமோசோம்களை உருப்பெருக்கியில் எண்ணி, அவற்றின் உறவுமுறையை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, 1938 இல் அதனை உலகுக்கு அறிவித்தார்.

ஆண்கள் நிறைந்த நிலையத்தில், மணமாகாத பெண்ணாகவும் தாழ்த்தி எண்ணப்பட்ட குலத்தவராகவும் அவர் பட்ட இடர்கள் பல என்பர். 1939 இல் எடின்பரோ மாநாட்டிற்குச் சென்றார். போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945 இல் வெளியிட்டார்.

நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைத்தார். உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் அழிவது கண்டு மனம் நொந்தார். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று அரிய மகனோலியா மரமொன்றைத் தேடியபோது, அது எரிந்து போயிருக்கக் கண்டார். செம்மண் மேடாய்க் கிடந்த ஆரோவில்லில் 1968 க்குப் பின் நட்டு வளர்த்த காட்டைக் காணும் நம் இளைஞர், ஒரு மரத்திற்காக அவர் கொண்ட துயரத்தை எளிதில் உணர்வர்.

1970 க்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எண்பது வயதைக் கடந்த பின்னும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கு இரையாக்கலாகாதென்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலிலேயே காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.