கணிதம் வராத பரடேயும் நமது வகுப்பறைகளும்

சில பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் முடிவு கட்டுவதை எனது ஆசிரியப் பணியில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். வீட்டில் வசதியில்லை, கணிதம் வராது, ஞாபகசக்தி போதாது என்று காரணங்களும் சொல்லப்படும். அப்போதெல்லாம் எனக்கு மைக்கல் பரடேதான் நினைவுக்கு வருவார். மின்பிறப்பாக்கிக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்த அவருக்கு இந்த மூன்று குறைகளுமே இருந்தன.

1791இல் லண்டனை அண்டிய பகுதியில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத, வாசிக்க, கொஞ்சம் கணக்குப் பார்க்கக் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவரது பாடசாலையாயின.

அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய இரசாயனவியல் நூல். பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், ஓர் ஆசிரியையும் இரு மாணவிகளும் உரையாடும் வடிவில் பெண்களுக்காக எழுதப்பட்டது அது. ஒதுக்கப்பட்ட ஒரு சாராருக்காக எளிமையாக எழுதிய நூல், ஒதுக்கப்பட்ட இன்னொருவருக்கும் வழி திறந்துவிட்டது.

ஒரு ஷில்லிங் கட்டணம் அறவிட்ட மாலைநேர விரிவுரைகளுக்கு, கொல்லரான அண்ணனே பணம் கொடுத்தார். 1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் வழங்கிய நுழைவுச் சீட்டில் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813இல் றோயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பதவி கிடைத்தது.

ஞாபகக் குறைவை ஈடுசெய்ய அனைத்தையும் எழுதி வைத்தார். அவரது ஆய்வுக் குறிப்பேட்டில் இலக்கமிட்ட பந்திகள் மட்டும் 16,000ஐத் தாண்டும். சமன்பாடுகளுக்குப் பதிலாக, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரையும் கோடுகளைக் கொண்டே சிந்தித்தார். அதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் பின்னர் வந்த மக்ஸ்வெல்.

சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடர்கள் 19ஐ அவர் நடத்தினார். பேசும் முறையைத் திருத்திக்கொள்ளத் தனிப் பயிற்சியும் பெற்றிருந்தார். அவற்றில் மிகப் புகழ்பெற்றது, ஒரு மெழுகுவர்த்தி எரிவதிலிருந்து இரசாயனவியலை விளக்கிய தொடர். எந்த வீட்டிலும் இருக்கும் பொருளிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தார்.

ஆனாலும் அந்த மண்டபத்துக்குள் நுழையக் கட்டணம் இருந்தது. அவரைப் போன்ற எத்தனை கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே அமர்ந்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்குண்டு. 1867இல் அவர் மறைந்தார். அந்தக் கேள்வி மறையவில்லை.

ஒரு காந்தம், சிறிது இரும்புத்தூள், ஒரு வெள்ளைத் தாள். இவற்றுக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கணிதம் வராத பிள்ளை அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்க்கும். பார்வையற்ற பிள்ளை இரு காந்தங்களின் இழுப்பையும் தள்ளலையும் விரல்களால் உணரும். எந்தப் பிள்ளைக்கும் விஞ்ஞானம் ஏறாது என்று சொல்வதற்கு முன், இதையாவது அதன் கையில் கொடுத்துப் பார்ப்போம்.