கடல்நீலம்

ஆடிப்பெருக்கின்போது காவிரியில் வரும் புதுப்புனல் செந்நிறமாகக் கலங்கி வரும். தஞ்சை வயல்களில் பாயும்போது அந்நீர் தான் சுமந்துவந்த வண்டலின் நிறத்தையே கொண்டிருக்கும். வண்டல் அடியில் படிந்தபின் ஒரு குவளையில் முகந்து பார்த்தால் நீருக்கு நிறம் இராது. அதே நீர் பூம்புகாரில் கடல் புகுந்து, கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றால் நீலமாகக் காட்சி தரும். கலங்கிய நீர் சிவந்திருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தெளிந்த நீருக்கு நீலம் எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் காவிரி நாட்டவர். சர் சி. வி. இராமனின் முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் புரசக்குடி, மாங்குடி ஆகிய ஊர்களை ஒட்டி வாழ்ந்த வேளாண் குடியினர். தந்தை சந்திரசேகரர் கும்பகோணத்தில் பள்ளிக் கல்வி பயின்றவர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தை கல்லூரி ஆசிரியராகப் பணியேற்ற விசாகப்பட்டினத்தில், கடலருகே அவரது இளமை கழிந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு அகவை 18. அறிவியலை மட்டும் நம்பி வாழ வழியில்லாத காலம் அது. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியானார். அந்நகரின் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கருவிகள் இருந்தும் ஆய்வாளர் இல்லாத இடம். அலுவலகம் செல்லுமுன்னும் அலுவலகம் விட்டபின்னும் இராமன் அங்கே உழைத்தார். பத்தாண்டுகளுக்குப்பின், 1917இல், உயர்ந்த ஊதியத்தை விடுத்துக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். உறவினர் பலருக்கு அது புரியாத கணக்காகவே இருந்திருக்கும்.

1921ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டிற்காக அவர் கடல் கடந்தார். நர்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பும் வழியில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. அந்நீலத்திற்கு அன்று அறிவுலகம் ஏற்றிருந்த விளக்கம் ஒன்று உண்டு. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை நிறுவிய ராலே பிரபு, கடலின் நீலம் நீருக்கு உரியதன்று, அது வானின் பிரதிபலிப்பே என்று கருதினார். நோபல் பரிசு பெற்றவர், ஒளியியலில் பேரறிஞர். அவர் கூற்றை ஐயுற யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இராமனிடம் கையடக்கமான நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் தன் வழியே செல்லவிடும் படிகம் அது. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மையது. பட்டகத்தை உரியவாறு திருப்பினால் அதை முற்றிலும் தடுத்துவிடலாம். கப்பலின் மேல்தளத்தில் நின்று இராமன் அவ்வாறே செய்தார். வானின் பிரதிபலிப்பு மறைந்தது. ராலேயின் கருத்து சரியானால் நீலமும் மறைந்திருக்க வேண்டும். மாறாக, முன்னினும் செறிந்த நீலம் கடலுக்குள்ளிருந்து வந்தது.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் காரணமாகலாமோ என்ற ஐயம் எஞ்சியது. காவிரி வண்டலைப் போன்ற பெருந்துகள்கள் நீருக்குத் தம் நிறத்தையே ஏற்றும். தெளிந்த ஆழ்கடலின் நீலத்தை அவற்றால் விளக்க இயலாது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடித்து வானை நீலமாக்குவதுபோல, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று இராமன் முடிவு செய்தார். குறைந்த அலைநீளமுடைய நீலமே மிகுதியாகச் சிதறும். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வதும் நீலத்தை மேலும் செறிவாக்குகிறது. பிற்கால அறிவியலாளர் இந்த உறிஞ்சலுக்கு இராமன் அளித்ததைவிட மிகுந்த இடம் அளித்தனர். ஆயினும் கடலின் நீலம் கடலுக்கே உரியது என்ற அவரது முடிவு நிலைத்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே கட்டுரை ஆயத்தமாக இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

கல்கத்தா திரும்பியபின் நீர், பனிக்கட்டி, பல்வகைத் திரவங்கள் ஆகியவற்றில் ஒளி சிதறுவதை அவரும் மாணவர்களும் ஏழாண்டுக் காலம் ஆராய்ந்தனர். 1923இல் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு கூறு இருப்பதைக் கண்டார். நீரிலுள்ள மாசினால் விளைந்ததென்று முதலில் எண்ணினர். எத்தனை முறை தூய்மை செய்தும் அது நீங்கவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928இன் தொடக்கத்தில் திரவம் திரவமாகச் சோதித்தார். பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலை நோக்கியின் வழியே, புதிய அலைநீளத்தில் அமைந்த ஒளி தனியே தெளிவாகத் தெரிந்தது. ஒளி மூலக்கூறுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறுகிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இராமன் விளைவு என்று பெயர்பெற்ற இக்கண்டுபிடிப்பிற்காக 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கும் பெரிது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில் பூக்கள், மணிகள், படிகங்கள் ஆகியவற்றின் நிறங்களை முதுமையிலும் ஆராய்ந்துவந்த இராமன், 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார்.

1999இல் இந்தியா விண்ணில் செலுத்திய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், கடலின் நிறத்தை அளக்கும் கருவியைத் தாங்கிச் சென்றது. காவிரி போன்ற ஆறுகளின் வண்டல் கடலில் எவ்வளவு தூரம் பரவுகிறது, நுண்பாசிகள் எங்கே செழிக்கின்றன என்பவற்றை இத்தகைய கருவிகள் நிறத்தைக்கொண்டே அறிகின்றன. தெளிந்த ஆழ்கடலில் புகும் நீல ஒளியின் ஒரு சிறு பகுதி, நீர் மூலக்கூறுகளிடம் ஆற்றலை இழந்து பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுகிறது. மத்தியதரைக் கடலைப் பார்த்து நின்றவரின் கண்ணுக்குத் தெரியாதிருந்த இராமன் விளைவே அது. கடல்நிறத்தைக் கணிப்போர் இன்று அதையும் கணக்கில் சேர்க்கின்றனர்.