17 மைல் போக வேண்டிய குண்டு அரை மைலில் விழுந்தது ஏன்? கடலூரில் இறந்த பெஞ்சமின் ராபின்ஸின் கதை

ஸ்பின்னர் வீசும் பந்து, பிட்ச்சில் விழும் முன்பே காற்றில் பக்கவாட்டில் நகர்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். வர்ணனையாளர்கள் இதை 'டிரிஃப்ட்' என்பார்கள், இயற்பியல் புத்தகம் 'மாக்னஸ் விளைவு' என்று சொல்லும். ஜெர்மனியின் ஹைன்ரிக் மாக்னஸ் இதைப் பற்றி எழுதியது 1852-ல். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைத் துப்பாக்கிக் குண்டை வைத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் 1751 ஜூலை 29 அன்று, கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்துபோனார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், வசதியில்லாத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குவேக்கர்கள் போரையே ஏற்காதவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் பீரங்கிக்குக் கணக்கு எழுதியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குப் போய்க் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 20 வயதிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆகிவிட்டார்.

அப்போது பீரங்கிக் கணக்கு எப்படி இருந்தது? எறிந்த பொருள் பரவளையப் பாதையில் போகும் என்று கலிலியோ 1638-ல் எழுதியிருந்தார். பள்ளியில் நாம் போட்ட கணக்கும் அதுதான்: 45 டிகிரி சாய்வில் எறிந்தால் அதிக தூரம், 'காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்'. காற்று லேசு, குண்டு கனம், அதனால் பெரிய வித்தியாசம் வராது என்றே பலரும் நம்பினார்கள். குண்டின் வேகத்தை அளக்க வழி இல்லாதவரை இந்த நம்பிக்கையை யாராலும் சோதிக்க முடியவில்லை.

ராபின்ஸ் அதற்கு ஒரு ஊசல் செய்தார். மரப்பலகை பொருத்திய கனமான இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன்மேல் சுடுவார். ஊசல் பின்னால் ஆடும்போது கூடவே ஒரு ரிப்பனையும் இழுக்கும். எவ்வளவு நீளம் இழுபட்டது, ஊசலின் எடை என்ன, குண்டின் எடை என்ன என்பது தெரிந்தால் போதும், வேகம் வந்துவிடும். 1742-ல் வெளியான அவருடைய பீரங்கிக் கலை நூலின் அடித்தளமே இந்த ஊசல்தான்.

அதே ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்தும் சுட்டார். இந்தத் தரவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முக்கால் அங்குல ஈயக் குண்டு 25 அடி தூரத்தில் நொடிக்கு 1,670 அடி வேகம், 75 அடியில் 1,550, 125 அடியில் 1,425. நீங்களே போட்டுப் பாருங்க: 50 அடியைக் கடக்க நொடியில் ஏறக்குறைய 32-ல் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் 120 அடி வேகம் காணாமல் போகிறது. அப்படியானால் காற்று அந்தக் குண்டைப் பின்னால் தள்ளும் விசை, குண்டின் எடையைப் போல சுமார் 120 மடங்கு! ஒப்பிட வேண்டுமானால், மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் மீது காற்றுத் தடை ஏறக்குறைய அந்தப் பந்தின் எடை அளவுதான்.

நொடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 டிகிரியில் சுட்டால், பரவளையக் கணக்குப்படி குண்டு 17 மைல் போக வேண்டும். நடைமுறையில் அரை மைல்கூடப் போகவில்லை. பாதையின் வடிவமும் மாறுகிறது: ஏறும்போது சாய்வாக ஏறி, இறங்கும்போது செங்குத்தாக விழுகிறது. அதிக தூரம் தரும் கோணமும் 45 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது.

தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும் என்ற நியூட்டனின் விதி குறைந்த வேகத்தில் சரியாக வந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது மட்டும் தடை திடீரென எகிறுவதைக் கண்டார் ராபின்ஸ். ஜெட் விமானங்கள் வந்த பிறகு பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே சிக்கல் இது.

அடுத்த சோதனை இன்னும் வேடிக்கை. துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துவிட்டு, மெல்லிய தாள் திரைகள் வழியாகச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம் திரும்பியது. குழலின் வலது சுவரை உரசி வந்ததால் குண்டு சுழன்றது, அந்தச் சுழற்சிதான் திருப்பியது. அவருடைய நூலை 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதிய மாபெரும் கணிதவியலாளர் ஆய்லரே இதை ஏற்கவில்லை. குண்டின் உருவக் கோளாறுதான் காரணம் என்று தள்ளிவிட்டார். ராபின்ஸ்தான் சரி.

1746-ல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டில் பிரெஞ்சுப் படை மதராஸைப் பிடித்தது. ஊர் திரும்பக் கிடைத்ததும் கோட்டைகளைப் பலப்படுத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்ட ராபின்ஸ் 1750-ல் இங்கே வந்து சேர்ந்தார். மதராஸுக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டம் வரைந்தார். அவர் காற்றையும் குண்டையும் அளந்த அறிவியல், இந்தக் கடற்கரையில் யார் ஆள்வது என்ற சண்டைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான். உடம்பு தாங்கவில்லை. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே உயிர் போனதாகச் சொல்வார்கள்.

அப்போது அவருக்கு வயது 44. கோட்டையை 1758-ல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துப் போட்டது. அவருடைய எழுத்துகள் தொகுப்பாக லண்டனில் 1761-ல் வெளிவந்தன.