தங்கம் தேடி ஊரே ஓடியது... இவர் வண்டு தேடிப் போனார்!

1849. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்குதுன்னு செய்தி பரவி, பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்த வருஷம். அதே வருஷம் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பனாமா வழியாக 24 வயசு இளைஞர் ஒருத்தரும் அங்கே போனார். டாக்டருக்குப் படித்தவர், வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் அவர் தேடிப் போனது தங்கத்தை இல்லை. வண்டு!

அவர்தான் ஜான் லாரன்ஸ் லெகான்ட். வண்டு ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம்ம ஊர் கிரிக்கெட் ரசிகரிடம் சச்சின் பெயரைச் சொன்ன மாதிரி இருக்கும். சுமார் 5,000 வண்டு இனங்களை முதன்முதலாக விவரித்துப் பெயர் வைத்தவர் அவர்.

1825-ல் நியூயார்க்கில் பிறந்தார். சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. வளர்த்தது அப்பா. அந்த அப்பா ராணுவத்தில் நில அளவைப் பொறியாளர், பூச்சிகளைப் படம் வரைவதில் பைத்தியம். வேற எப்படி வளரும் அந்தப் பையன்? 1846-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால் மனசு மட்டும் பூச்சிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 10,000 வண்டுகளை ஆல்கஹாலில் ஊறப்போட்டு அப்பாவுக்கு அனுப்பி வைத்தார். பார்சலைப் பிரித்துப் பார்த்த வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இன்னும் சுமார் 20,000 வண்டுகள் அங்கேயே இருந்தன. ஒரு தீ விபத்து வந்தது. அவ்வளவும் போச்சு.

உங்க போனில் பேக்கப் எடுக்காத போட்டோ எல்லாம் ஒரே நாளில் அழிஞ்சா எப்படி இருக்கும்? அதைவிட மோசம் இது. கொலராடோ நதி வரைக்கும் அலைந்து திரிந்த மனுஷர் அவர். அந்த 20,000-ல் என்னென்ன புது இனங்கள் இருந்ததோ! தப்பியது, அப்பாவுக்குப் போன பார்சல்தான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு, 1850-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியா வண்டுகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். அதில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். சீலஸ் குளோபோசஸ். சீலஸ் என்ற பேரினப் பெயரை அதற்கு முன்பே எஷ்ஷோல்ட்ஸ் என்ற மருத்துவர் வைத்திருந்தார். குளோபோசஸ் என்றால் உருண்டையானது. பெயருக்கு ஏற்ற மாதிரியே குண்டு உடம்பு, கொண்டைக்கடலையைவிடச் சின்னது.

இது டார்க்லிங் என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்நியம்னு நினைக்காதீங்க. உங்க வீட்டு மைதா டப்பாவில் ஓடுதே, அந்தச் சின்னச் செம்பழுப்பு மாவு வண்டு, அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் இந்தக் கடற்கரைச் சொந்தக்காரருக்குப் பறக்க வராது. முதுகு ஓடு இரண்டும் ஒட்டிப்போய் ஒரே கவசமாகி இருக்கும். கடலை ஒட்டிய காய்ந்த மணல்மேடுகளில், செடிகளுக்கு அடியில், மணலுக்குள்ளேயே வாழ்க்கை. மேல்மணலுக்குச் சற்றுக் கீழே துளைத்துக்கொண்டே போகும். அது போன வழி, மேலே மெல்லிய வரப்பு மாதிரித் தெரியும். உதிர்ந்த இலைதழைதான் சாப்பாடு. பறக்க முடியாத வண்டுக்குத் தன் மணல்மேடுதான் ஊர், உலகம் எல்லாம். அதன் மேல் ரிசார்ட் கட்டினால் பக்கத்துக் கடற்கரைக்கு ஜிவ்வுனு பறந்து போயிட முடியாது.

லெகான்ட்டுக்கு முன்பு, அமெரிக்கப் பூச்சி என்றால் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு அனுப்பித்தான் பெயர் வாங்கணும். உள்ளூரிலேயே அந்த வேலையைச் செய்த தாமஸ் சே என்ற முன்னோடியின் சேகரிப்பு, அவர் இறந்த பிறகு பூச்சி அரித்தே அழிந்துபோனது. பூச்சி சேகரிப்பைப் பூச்சியே தின்ற கொடுமை! சேயின் எழுத்துகளைத் தேடித் தொகுத்து 1859-ல் வெளியிட்டவர் லெகான்ட்தான். எதையும் தொலைய விடக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு அந்தப் புத்தகமே போதும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் மறுபடியும் வண்டுதான். 1870-களில் இன்னொரு விஷயத்துக்காகக் குரல் கொடுத்தார்: பூச்சி பற்றிய அறிவு விவசாயிக்குப் பயன்படணும். வேளாண் துறைக்கு இவரைத் தலைவராகப் போடுங்கள் என்று விஞ்ஞானிகள் சேர்ந்து கேட்டார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. என் கணக்கில், அவர் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றம் தீ விபத்துகூட இல்லை, இதுதான்.

1878-ல் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? பிலடெல்ஃபியா நாணயச் சாலையில் தலைமை எழுத்தர்! தங்கக் காசு அச்சடிக்கிற இடம். தங்க வேட்டை நடந்த ஊருக்கே போய் வண்டோடு திரும்பியவருக்குக் கடைசி ஐந்து வருஷச் சம்பளம் அங்கேதான்.

1883-ல் ஜார்ஜ் ஹார்ன் என்ற நண்பருடன் சேர்ந்து வட அமெரிக்க வண்டுகளை வகைப்படுத்தும் பெரிய நூலை வெளியிட்டார். அதே வருஷம் நவம்பரில் இறந்துபோனார். வயது 58. சேகரிப்பு மொத்தமும் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போனது. எந்த வண்டு எந்த ஊரில் கிடைத்தது என்பதற்கு அவர் ஊசியில் குத்திய சின்ன வட்டக் காகிதங்கள்தான் அடையாளம், பகுதிக்கு ஒரு நிறம். கலிஃபோர்னியாவுக்கு அவர் எடுத்துக்கொண்ட நிறம், பொன்னிறம்.

குண்டு வண்டு இப்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இருக்கிறது. மணல்மேட்டில் ஓடும் வண்டிகள், மிதித்து நடக்கும் கால்கள், வெளியூரிலிருந்து வந்து மணலை மூடிப் படர்ந்த செடிகள் என எதிரிகள் நிறைய. கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணனோ அக்காவோ பீச்சிலிருந்து வீடியோ கால் பண்ணினால், கேமராவைக் கொஞ்சம் மணல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். செடி ஓரமாக மெல்லிசா ஒரு வரப்பு வளைந்து வளைந்து போகுதான்னு பாருங்க.